தேயிலைத் தூளும் கட்டுக்கம்பி மின்காந்தமும்

தேயிலைத் தூளில் இரும்புத்துகள் இருக்கிறதா என்று அறிய, தூளைக் கண்ணாடித் தட்டில் பரப்பி மேலே ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே வீடுகளுக்குச் சொல்லித்தருகிறது. கோத்தகிரியில் எங்கள் தெருவில் இதைச் செய்து பார்த்த எல்லோருக்கும் காந்தத்தில் ஏதோ ஒன்று ஒட்டியது. ஒட்டியதெல்லாம் இரும்புதானா? பிடித்ததை விடாமல் வைத்திருக்கும் காந்தத்தால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. வேண்டும்போது பிடித்து, சொன்னதும் விட்டுவிடும் காந்தம் வேண்டும். அதற்காக நானும் எட்டாம் வகுப்பில் படிக்கும் அக்கா மகள் பாப்பாவும் சேர்ந்து ஒரு மின்காந்தம் சுற்றினோம். என்ன வாங்கினோம், எப்படிச் சுற்றினோம், எது வேலை செய்தது என்பதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் இரும்பு எப்படித் தூளுக்குள் வருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நீலகிரியில் பெரும்பாலும் தயாராவது சி.டி.சி. தூள். வாட்டிய கொழுந்து இரண்டு உருளைகளுக்கு நடுவே போய் நசுங்கி, கிழிந்து, சுருண்டு வெளியே வரும். உருளைகளின் மேல் வரிசை வரிசையாகக் கூரான பற்கள். ஒன்றைவிட மற்றது பத்து மடங்கு வேகமாகச் சுற்றும். உலோகப் பற்கள் அத்தனை நெருக்கத்தில் ஓடும்போது தேய்மானம் இல்லாமல் இருக்காது. மழுங்கிய பற்களை அவ்வப்போது கழற்றிக் கூர்தீட்டவும் செய்கிறார்கள். அதனால்தான் ஃபேக்டரிகளே கன்வேயரிலும் சல்லடைகளிலும் காந்தங்களைப் பொருத்தித் துகளை எடுக்கின்றன. எடுத்த பிறகும் கொஞ்சம் மிஞ்சும் என்பதை ஏற்றுக்கொண்டு, ஒரு கிலோவுக்கு 150 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. கால் கிலோ பாக்கெட்டுக்கு 37.5 மில்லிகிராம். ஆகவே நாலு துகள் ஒட்டியதைப் பார்த்ததும் கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது நியாயமில்லை.

எங்கள் வீட்டில் முதலில் எடுத்தது பழைய ஸ்பீக்கரிலிருந்து பிரித்த கருப்பு வளையக் காந்தம். ஃபெரைட் என்பார்கள். துகள் காந்தத்தில் நேராக ஒட்டிவிட்டால் பிறகு துடைத்தெடுப்பது பெரும்பாடு. அதற்காகக் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுத் தூளில் ஓட்டினோம். கொத்தாக ஒட்டி வந்தது. பாப்பா பதறிப்போய்ப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன்.

"இது நாரும்மா, இரும்பு இல்ல. பிளாஸ்டிக்கைத் தூள்ல தேய்ச்சா நாரு ஒட்டத்தான் செய்யும். நாங்க நாரு எடுக்கிற மெஷினே அப்படித்தான் ஓடுது" என்றார்.

அது சரியான விளக்கம். தரம் பிரிக்கும் இடத்தில் பிளாஸ்டிக் உருளைகளைத் தேய்த்து நிலைமின்னேற்றம் உண்டாக்கி, காய்ந்த நாரையும் காம்புத் துணுக்கையும் அவற்றில் ஒட்டவைத்துத்தான் தூளிலிருந்து பிரிக்கிறார்கள். எங்கள் பிளாஸ்டிக் கவரும் தெரியாமல் அதே வேலையைச் செய்திருக்கிறது. நிலைமின்சாரத்தால் ஒட்டியதும் காந்தத்தால் ஒட்டியதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். காந்தத்தை மட்டும் அணைக்க முடிந்தால் எது எதனால் ஒட்டியது என்று தெரிந்துவிடும்.

இனி செய்முறை.

கம்பிக்கு மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போக வேண்டும். எனாமல் பூசிய காப்பர் கம்பியை அங்கே எடைபோட்டுத் தருவார்கள். 28 கேஜ் கம்பி 25 கிராம் வாங்கினால் போதும், மிச்சமும் இருக்கும். கம்பியைப் பார்த்தால் வெறும் செம்பு மாதிரிதான் இருக்கும். ஆனால் மேலே மெல்லிய காப்புப் பூச்சு இருக்கிறது. அது இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் தொட்டுக்கொண்டு மின்சாரம் குறுக்கே ஓடிவிடும், சுற்றியதற்குப் பலனே இருக்காது. அதே பூச்சைக் கம்பியின் இரண்டு முனைகளிலும் மட்டும் உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டி எடுக்க வேண்டும். மின்காந்தம் வேலை செய்யவில்லை என்று என்னிடம் கொண்டுவரும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான்.

காயிலை நேரடியாக ஆணியின் மேல் சுற்றவில்லை. 10 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றின் மேல் சார்ட் பேப்பரை இரண்டு மூன்று சுற்றுச் சுருட்டி, பசை தடவி, காய்ந்ததும் குழாயாகக் கழற்றிக்கொண்டோம். குழாயின் மேல் 6 சென்டிமீட்டர் நீளத்துக்கு, ஒரே திசையில், நெருக்கமாக 400 சுற்று. அது மூன்று அடுக்குக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் செலோடேப் ஒரு சுற்று. காயில் குழாயின் மேல் இருப்பதால் உள்ளே இருக்கும் இரும்பை மாற்றி மாற்றிச் செருகிப் பார்க்கலாம். இந்த வேலையில் நாங்கள் கற்றுக்கொண்டது பெரும்பாலும் அந்த வசதியால்தான்.

கம்பியின் நீளம் ஏறக்குறைய 15 மீட்டர், மின்தடை இரண்டரை ஓம் பக்கம். பெரிய டார்ச் பேட்டரி இரண்டைத் தொடராக வைத்தால் ஒரு ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். காயில் மெதுவாகச் சூடாகும். அரை நிமிடம் ஓட்டி, விட்டு, மறுபடி ஓட்டினால் ஒன்றும் ஆகாது. இதை வீட்டு 230 வோல்ட் பிளக்கில் செருகிப் பார்க்கும் எண்ணமே யாருக்கும் வரக்கூடாது. கம்பி எரிவதோடு உயிருக்கும் ஆபத்து. பாப்பாவிடம் அதைத்தான் முதலில் சொன்னேன், கடைசியிலும் சொன்னேன்.

உள்ளே இரும்பே இல்லாமல் முதலில் ஓட்டினோம். குழாயின் வாயில் வைத்த குண்டூசி லேசாகத் திரும்பியது, அவ்வளவுதான். போல்ட்டைச் செருகியதும் குண்டூசிகள் கொத்தாக எழும்பி வந்தன. கம்பியும் அதே கம்பி, மின்சாரமும் அதே மின்சாரம். பலம் பல பத்து மடங்கு கூடிவிட்டது. "இரும்பு எங்கிருந்து மாமா இவ்வளவு பலம் கொண்டுவருது?" என்று கேட்டாள். இரும்புக்குள் சின்னச் சின்னப் பகுதிகள் ஏற்கெனவே காந்தமாகவே இருக்கின்றன. டொமைன் என்று பெயர். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்ப்பதால் மொத்தத்தில் ஒன்றையொன்று ரத்துசெய்துகொள்கின்றன. காயிலின் சிறிய காந்தப்புலம் அவற்றை ஒரு பக்கமாகத் திரும்பவைக்கிறது. திரும்பியபின் நமக்குக் கிடைக்கும் பலத்தில் பெரும்பங்கு இரும்பினுடையது. இப்படி எல்லாம் திரும்பி முடிந்துவிட்டால் அதற்குமேல் எவ்வளவு மின்சாரம் விட்டாலும் இரும்பு கூடுதலாக ஒன்றும் தராது. அந்த எல்லை இரும்புக்கு 2 டெஸ்லா அளவில் இருக்கிறது (டெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு). எங்கள் காயில் அதற்கு வெகு தூரத்தில்.

இனிதான் விஷயம். பேட்டரியைத் துண்டித்தபோது குண்டூசிகளில் பாதிதான் விழுந்தன. மீதி போல்ட்டிலேயே தொங்கின. நான் எடுத்தது தலையில் 8.8 என்று பொறித்த, கடினப்படுத்திய எஃகு போல்ட். கடினமான எஃகில் டொமைன்கள் ஒருமுறை திரும்பினால் எளிதில் பழைய நிலைக்கு வராது. நிலைக்காந்தம் செய்ய அந்தக் குணம்தான் வேண்டும். திசைகாட்டியின் ஊசியில் காந்தம் நிற்பதும் அதனால்தான். எங்கள் வேலைக்கு அது உதவாது, விட வேண்டிய நேரத்தில் விடாது. நமக்கு வேண்டியது தேனிரும்பு மாதிரி மென்மையான இரும்பு.

மலையில் தேனிரும்புக்கு எங்கே போவது? கட்டிட வேலை நடக்கும் இடத்தில் கிடைத்தது. கான்கிரீட் கம்பிகளை முடிந்துகட்டும் கருப்புக் கட்டுக்கம்பி. கையால் முறுக்கினால் வளைந்துகொடுக்க வேண்டும் என்பதற்காக அதைக் காய்ச்சி, ஆறவைத்து, மென்மையாக்கித்தான் விற்கிறார்கள். 10 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, ஐம்பது துண்டு வரை ஒன்றாகக் கட்டினால் குழாய்க்குள் இறுக்கமாகப் போகும். அதைப் போட்டு ஓட்டி, பேட்டரியைத் துண்டித்ததும் குண்டூசிகள் பொலபொலவென்று விழுந்தன. ஒன்றிரண்டு தொங்கினாலும் ஒரு தட்டு தட்டினால் விழுந்துவிடும். குண்டூசியே எஃகு என்பதால் அதிலும் கொஞ்சம் காந்தம் தங்குகிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கட்டுக்கம்பி கிடைக்காதவர்கள் பெரிய ஆணியை விறகடுப்பில் சிவக்கக் காய்ச்சி, தணலோடு சாம்பலில் புதைத்து, காலைவரை மெதுவாக ஆறவிடலாம். தண்ணீரில் போட்டு ஆறவைக்கக் கூடாது. அதையும் செய்து பார்த்தோம், நன்றாகவே இருக்கிறது. இரும்பு 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காந்தத்துக்கு அசையாத பொருளாகிவிடும், ஆறினால் மறுபடி இழுபடும். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கலாம். நெருப்பு வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும்.

இந்தப் பாடத்தை உலகம் படிப்படியாகத்தான் கற்றது. மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி ஊசி திரும்புகிறது என்று 1820இல் கோபன்ஹேகனில் ஆர்ஸ்டெட் கண்டார். வில்லியம் ஸ்டர்ஜன் 1825இல் குதிரை லாடம்போல் வளைத்த இரும்பின் மேல் 18 சுற்றுச் செப்புக் கம்பி சுற்றிக் காட்டினார். 200 கிராம் எடைகொண்ட அந்த இரும்பு 4 கிலோவைத் தூக்கியது. அவருடைய கம்பிக்குக் காப்பு கிடையாது. இரும்புக்குத்தான் வார்னிஷ் பூசியிருந்தார். அதனால் சுற்றுகளைத் தள்ளித்தள்ளிச் சுற்ற வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி காப்புச் சுற்றிய கம்பியை அடுக்கடுக்காக, நெருக்கமாகச் சுற்றினார். 1831இல் அவருடைய காந்தம் 900 கிலோவுக்கு மேல் தூக்கியது. காயில் கடையில் நாம் கிராம் கணக்கில் வாங்கும் எனாமல் கம்பியின் அருமை இதிலிருந்து புரியும்.

லாட வடிவத்தையும் விடவில்லை. நீளமான கட்டுக்கம்பிக் கட்டை வளைத்து, இரண்டு கால்களிலும் ஒவ்வொரு காயில் போட்டு, ஒரு முனை வடக்காகவும் மறுமுனை தெற்காகவும் வரும்படி இணைத்தோம். வலது கையின் விரல்களை மின்னோட்டம் சுற்றும் திசையில் மடக்கினால் கட்டைவிரல் காட்டும் பக்கம் வடக்கு. இணைப்பை மாற்றிப் போட்டால் இரு முனையும் ஒரே துருவமாகிப் பலம் போய்விடும். சரியாகப் போட்டால் நேர்க் காந்தம் தூக்காத கத்தரிக்கோலையும் சுத்தியலையும் தூக்குகிறது. இரும்பு வழியாகவே காந்தப்புலம் ஒரு வட்டத்தை முடித்துக்கொள்ள வழி கிடைப்பதுதான் காரணம். நடுவில் ஒரு அட்டையை வைத்தால் பிடி தளர்ந்துவிடும். இடைவெளி என்பது காந்தத்துக்கு அவ்வளவு பெரிய தடை.

தொலைவு கூடக் கூடப் பலம் எப்படிக் குறைகிறது என்பதை செல்போனில் பார்க்கலாம். பெரும்பாலான போன்களில் திசைகாட்டிக்கான உணரி இருக்கிறது. காந்தப்புலத்தை மைக்ரோடெஸ்லாவில் காட்டும் செயலிகள் இலவசம். எங்கள் ஊரில் பூமியின் புலம் மட்டும் 40 அளவில் காட்டும். காயிலை அரைச் சாண் தள்ளி வைத்தாலே அந்த எண் துள்ளி ஏறுகிறது. கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் பழைய எண்ணுக்கே வந்துவிடுகிறது. ஓரளவு தள்ளிப் போன பிறகு, தொலைவு இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகிறது. போனைக் காந்தத்தோடு ஒட்ட வைக்க வேண்டாம், உணரி தடுமாறும்.

இந்த இடத்தில் பாப்பாவுக்குப் பிடித்த ஒரு செய்தி. ஊசியைக் காந்தமாக்கி நூலில் தொங்கவிட்டால் இங்கே அது கிட்டத்தட்டக் கிடையாகவே நிற்கும். லண்டனில் அதே ஊசியின் வடமுனை வெகுவாகக் கீழ்நோக்கிச் சாயும். ஊசி சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களின் கோடான காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போவதால் நமக்கு இந்த வாய்ப்பு. பழனி மலையில் கொடைக்கானல் வானாய்வகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பூமியின் காந்தத்தை அளக்கத் தொடங்கினார்கள். அந்த அளவீடுகளுக்கு உலக அளவில் மதிப்பு உண்டாக இந்த அமைவிடமும் ஒரு காரணம்.

பேட்டரி முனையை விலக்கும்போது சின்னப் பொறி ஒன்று பறக்கும். இரண்டு முனைகளையும் கையால் பிடித்துக்கொண்டு துண்டித்தால் விரலில் சுருக்கென்று இருக்கும். 3 வோல்ட்டில் எப்படி? காந்தப்புலம் சட்டென்று சரியும்போது காயிலே தனக்குள் பெரிய மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு ஒன்றைக் காயிலின் இரு முனைகளுக்கிடையே தலைகீழாக, வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம் வரும்படி மாட்டிவிட்டால் பொறியும் நிற்கும், சுவிட்சும் பிழைக்கும். ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச். பேட்டரி மாதிரி டிசி மின்சாரத்தில் ரிலே ஓட்டும் சர்க்யூட்டைத் திறந்தால் பெரும்பாலும் காயிலுக்குப் பக்கத்தில் இந்த டயோடு நிற்பதைப் பார்க்கலாம்.

இப்போது தேயிலை. பீங்கான் தட்டில் தூளை மெல்லியதாகப் பரப்பி, கட்டுக்கம்பி முனையை ஒரு மெல்லிய தாளால் மூடி, மின்சாரம் கொடுத்து மெதுவாக ஓட்டினோம். பிறகு வெள்ளைத் தாளுக்கு மேலே பிடித்து சுவிட்சை அணைத்தோம். ஒட்டியதில் ஒரு பகுதி விழுந்தது. இன்னொரு பகுதி தாளிலேயே நின்றது. நின்றது பழுப்பு நார். விழுந்ததற்குள் கருப்பாகப் பளபளக்கும் பொடித்துகள்கள். அந்தத் தாளின் அடியில் ஸ்பீக்கர் காந்தத்தைக் கொண்டுபோனால் துகள்கள் எழுந்து நின்று, காந்தம் நகர்ந்த பக்கமெல்லாம் நகர்ந்தன. தேயிலைத் துணுக்குகள் அசையாமல் கிடந்தன. இரும்பு இருக்கிறது, ஆனால் முதலில் பிளாஸ்டிக் கவரில் ஒட்டிய கொத்தோடு ஒப்பிட்டால் மிகமிகக் கொஞ்சம்.

இந்தச் சோதனையால் சொல்லக்கூடியது அவ்வளவே. வரம்புக்குள் இருக்கிறதா என்று இதைக்கொண்டு சொல்ல முடியாது. சமையலறைத் தராசு 37 மில்லிகிராமைக் காட்டாது. ஆய்வகத்தில் கொடுத்து அளந்தால்தான் உண்டு. எந்த பிராண்டுத் தூள் என்றும் அதனால்தான் இங்கே எழுதவில்லை.

துகளை எடுப்பதற்கு மட்டும் என்றால் நிலைக்காந்தமே மேல். கடையில் கிடைக்கும் சிறிய நியோடைமியம் காந்தம்கூட எங்கள் காயிலைவிட வலுவானது, பேட்டரியும் வேண்டாம். அதைச் சின்னக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் இரு பக்கத்திலிருந்தும் ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும். ஃபேக்டரிகளிலும் பல இடங்களில் நிலைக்காந்தத் தண்டுகள்தான். எவர்சில்வர் குழாய்க்குள் காந்தத் தண்டு இருக்கும். சுத்தம் செய்யும்போது தண்டை உருவினால் வெளியே ஒட்டியிருந்த துகள் தானாக உதிரும். மின்சாரத்தால் நாங்கள் செய்ததை அவர்கள் கையால் உருவிச் செய்கிறார்கள்.

இப்படி 'விடுவது' எத்தனை இடத்தில் உயிர்காக்கிறது என்பதை அந்த அண்ணன்தான் காட்டினார். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மரம் சாய்ந்து கரண்ட் போவதும் வருவதும் சகஜம். "கரண்ட் போயிட்டுத் திரும்ப வரும்போது மெஷின் தானா ஓட ஆரம்பிச்சா என்ன ஆகும் தம்பி? உள்ளே கையை விட்டுச் சுத்தம் பண்ணிட்டு இருப்பான் ஒருத்தன்" என்றார். மோட்டார் ஸ்டார்ட்டரில் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான காண்டாக்டரைப் பிடித்துவைத்திருப்பது ஒரு மின்காந்தம். கரண்ட் போன கணத்தில் அது விட்டுவிடும், ஸ்பிரிங் இணைப்பைப் பிரித்துவிடும். பச்சை பட்டனை ஒருவர் மறுபடி அழுத்தும்வரை மோட்டார் ஓடாது. லிஃப்ட்டின் பிரேக்கும் இதே ஏற்பாடுதான். மின்காந்தம் பிரேக்கைத் திறந்து பிடித்திருக்கும், கரண்ட் நின்றால் ஸ்பிரிங் இறுக்கிவிடும். இரும்புக்கடை கிரேன், காலிங்பெல், ரிலே என்று எதை எடுத்தாலும் பிடிப்பதும் விடுவதும் சேர்ந்ததுதான் வேலை. பிரிட்ஜ் கதவின் ரப்பர் பட்டைக்குள் இருப்பது மட்டும் நிலைக்காந்தம், அதற்கு விடவேண்டிய அவசியமில்லை. ஏன், இந்தக் கரண்டே பைக்காராவிலும் குந்தாவிலும் தண்ணீர் சுழற்றும் மின்காந்தங்களிலிருந்துதான் வருகிறது. அங்கே ஜெனரேட்டரின் நடுவில் சுற்றுவது காயில் சுற்றிய பெரிய காந்தத் துருவங்கள்.

அவர் அதோடு நிற்காமல், கழற்றிப்போட்ட காண்டாக்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஓடும்போது 'கர்ர்ர்' என்று உறுமிக்கொண்டே இருந்ததாம். ஏசி மின்சாரம் திசை மாறி மாறி ஓடுவதால் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. ஒவ்வொரு முறையும் காந்தம் கணநேரம் விடப்பார்க்கும். அதைத் தடுக்க இரும்பின் முகத்தில் ஒரு சிறிய செப்பு வளையம் பதித்திருப்பார்கள். அதில் தூண்டப்படும் மின்னோட்டம் கொஞ்சம் பிந்தி வருவதால், முதன்மைப் புலம் பூஜ்யமாகும் நேரத்தில் இது பிடித்துக்கொள்ளும். பிரித்துப் பார்த்தோம். இரும்பு முகங்களில் துருவும் தேயிலைப் புழுதியும் கெட்டிப்பட்டிருந்தன. துணியால் துடைத்து எடுத்தோம். அந்த முகங்களில் உப்புத்தாளை அழுத்தித் தேய்க்கக் கூடாது, எண்ணெயும் விடக் கூடாது. எண்ணெய் இருந்தால் விடும்போது ஒட்டிக்கொள்ளும். புழுதி மட்டும்தான் காரணமாக இருந்திருந்தால் அதோடு சரியாகியிருக்கும். ஆனால் இரண்டு வளையங்களில் ஒன்று வெடித்து விலகியிருந்தது. வெடித்த வளையத்தில் மின்னோட்டம் சுற்றாது, உறுமலும் நிற்காது. ஃபேக்டரியில் புதியதை மாட்டிவிட்டார்கள்.

பழையதன் காயில் இப்போது எங்கள் மேசையில். மயிரிழைக் கம்பியில் பல ஆயிரம் சுற்று. மின்தடை நூற்றுக்கணக்கான ஓம் என்பதால் டார்ச் பேட்டரியில் ஒரு குண்டூசியைக்கூடச் சரியாகத் தூக்கவில்லை. கம்பியை அறுக்காமல் பிரித்தெடுத்துச் சின்னக் காயில்களாகச் சுற்றித் தருகிறேன் என்று பாப்பா உட்கார்ந்திருக்கிறாள். அடுத்து அவளுக்கு ஒரு ரிலே செய்ய வேண்டுமாம்.